கடைசியாகத் தொட்டவர் பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறான். எப்போது வந்தாலும் நேராகச் சமையலறைக்குள் போய் டப்பாக்களைத் திறந்து பார்க்கிறவன், அன்றைக்கு ஹாலில் உட்கார்ந்து போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. என்னடா என்று கேட்டேன்.

"தாத்தா, நான் எழுதாத வரிக்கு என் பேரைப் போட்டுக் காட்டுது. மேனேஜர் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டுட்டார். நாளைக்கு மீட்டிங்."

"நீ அந்தக் கோப்பைத் தொடவே இல்லையா?"

"தொட்டேன். வரிகளோட ஓரத்தை எல்லாம் ஒரே மாதிரி சீர்பண்ணினேன். அவ்வளவுதான். கணக்கு எதையும் மாத்தலை."

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்துவிட்டது. 1999-ல் இதே வார்த்தைகளை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அப்போது நான் செய்ததும் செய்யாமல் விட்டதும் இன்னும் மனசில் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று தாண்டிப் போய்விட வேண்டாம். வீடோ நிலமோ வாங்கிய எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம்தான். பட்டாவில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு யாராவது பணம் கொடுப்போமா? வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம். அதுவும் ஐந்து வருஷத்துக்குப் போட்டால் வக்கீல் ஒப்புக்கொள்ள மாட்டார், முப்பது வருஷத்துக்குப் போடச் சொல்வார். தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்பார். யாரிடமிருந்து யாருக்குப் போனது, நடுவில் அடமானம் இருந்ததா, பாகப்பிரிவினை நடந்ததா என்று படிப்படியாகப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார். கடைசிப் பெயர் ஒரு தகவல், அவ்வளவுதான். நிலத்தின் கதை அதற்குப் பின்னால் இருக்கிறது.

கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் இப்படி ஒரு வில்லங்கப் பதிவு உண்டு. யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று வைக்கிற திருத்த வரலாறு. அதைச் சேமித்து வைப்பதில் இன்றைக்கு யாருக்கும் குறை சொல்ல முடியாது. அதைக் காட்டுகிற விதத்திலும், பார்க்கிற விதத்திலும்தான் கோளாறு இருக்கிறது என்பது என் கட்சி.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

ஆரம்பத்தில் இதற்கெல்லாம் ஏற்பாடே கிடையாது. புரோகிராமை மாற்றுவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்துக்கொள்வோம். 'பழசு' என்று ஒன்று, 'புதுசு' என்று ஒன்று, 'கடைசி' என்று ஒன்று, அதற்கப்புறம் 'கடைசி 2'. ஒரு மாதம் போனால் எது உண்மையில் கடைசி என்று எழுதியவருக்கே தெரியாது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற வீட்டில் நடக்கிற கதைதான்.

இதற்கு முறையான வழி கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த மார்க் ராச்கைண்ட். 1972-ல் எஸ்.சி.சி.எஸ். என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். ஒரு புரோகிராமுக்கு ஒரே வரலாற்றுக் கோப்பு. அதன் பெயருக்கு முன்னால் 'எஸ்' என்ற எழுத்தும் ஒரு புள்ளியும் இருக்கும். எல்லாத் திருத்தங்களும் அந்த ஒரே கோப்புக்குள் நெசவு மாதிரி பின்னிக் கிடக்கும். இந்த வரிகள் இந்தத் திருத்தத்தில் நுழைந்தன, அந்தத் திருத்தத்தில் நீக்கப்பட்டன என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்கும். நீக்கிய வரியும் கோப்பை விட்டுப் போகாது. முதல் வரியிலேயே ஒரு சரிபார்ப்பு எண் வேறு. வெளியிலிருந்து யாராவது எடிட்டரில் திறந்து கைவைத்தால், எண் பொருந்தாமல் கோப்பு கெட்டுவிட்டது என்று கத்திவிடும்.

வரலாற்றைப் பார்க்க 'பி.ஆர்.எஸ்.' என்று ஒரு கட்டளை. இன்னொரு கட்டளைக்கு 'வாட்' என்றே பெயர், அதாவது 'என்ன?'. அது அழகான ஏற்பாடு. புரோகிராமுக்குள் ஒரு விசேஷக் குறியோடு திருத்த எண்ணை எழுதி வைத்துவிட்டால், அது இயந்திர மொழிக்கு மாறி ஓடிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் குறி உள்ளேயே இருக்கும். ஓடுகிற புரோகிராமின் கோப்பைப் பார்த்து, "நீ எந்தத் திருத்தத்திலிருந்து பிறந்தவன்?" என்று கேட்டால் பதில் வரும். குழந்தையின் கையில் பிறந்தபோதே கட்டிவிட்ட அட்டை மாதிரி.

அடுத்து 1980-களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்த வால்டர் டிக்கி, ஆர்.சி.எஸ். என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். எங்கள் தலைமுறையில் பலர் கற்றுக்கொண்டது இதைத்தான். இதில் கடைசிப் பிரதி முழுசாக இருக்கும். பழைய பிரதிகளுக்குப் பின்னோக்கிப் போகிற வித்தியாசங்கள் மட்டும் இருக்கும். மக்கள் பெரும்பாலும் கேட்பது கடைசிப் பிரதியைத்தானே, அது சீக்கிரம் கிடைக்கட்டும் என்ற எண்ணம். கோப்புப் பெயரின் முடிவில் ஒரு கமாவும் 'வி' என்ற எழுத்தும் இருக்கும். 'ஆர்லாக்' என்று அடித்தால் வரலாறு முழுவதும் திரையில் ஓடும். திருத்த எண், தேதி, நேரம், செய்தவர் லாகின் பெயர், எத்தனை வரி கூடியது, எத்தனை வரி குறைந்தது, கடைசியில் செய்தவர் எழுதிய காரணம்.

காரணம் எழுதாமல் விட்டால்? அந்த இடத்தில் மூன்று நட்சத்திரம் போட்டு, 'எம்ப்டி லாக் மெசேஜ்' என்று காட்டும். காலிக் குறிப்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இதே ஆர்.சி.எஸ்.ஸில் ஒரு வசதி உண்டு. புரோகிராமின் தலைப்பில் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவில் 'ஐடி' என்று எழுதி வைத்தால் போதும். கோப்பை வெளியே எடுக்கும்போது அதுவே கோப்பின் பெயர், திருத்த எண், தேதி, நேரம், செய்தவர் பெயர் எல்லாவற்றையும் அந்த இடத்தில் நிரப்பிவிடும். கடைசியில் 'எக்ஸ்ப்' என்றும் ஒரு சொல் வரும். எக்ஸ்பெரிமென்டல், சோதனை நிலை என்று அர்த்தம். யாராவது மாற்றினால் ஒழிய அது அப்படியே இருக்கும். பத்து வருஷமாக தினமும் லட்சக்கணக்கில் பணக் கணக்குப் பார்க்கிற புரோகிராம்கள் எல்லாம் தலையில் 'சோதனை நிலை' என்ற பட்டத்தோடு ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

இனி 1999-க்கு வருகிறேன்.

அது ஒய்2கே காலம். வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்த பாவத்துக்கு உலகமே பரிகாரம் செய்துகொண்டிருந்தது. நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வட்டிக் கணக்குப் புரோகிராம் இருந்தது. வாடிக்கையாளர் தரப்பில் கம்ப்யூட்டரின் தேதியை 2000 பிப்ரவரி 29 என்று மாற்றி வைத்துச் சோதித்தார்கள். ஒரு நாள் வட்டி குறைந்தது. புரோகிராமைப் பொறுத்தவரை அப்படி ஒரு நாளே கிடையாது.

காரணம் எளிதானது. நான்கால் வகுபட்டால் லீப் வருஷம், நூறால் வகுபட்டால் இல்லை என்று எழுதியிருந்தது. நானூறால் வகுபட்டால் மறுபடியும் லீப் வருஷம் என்கிற மூன்றாவது விதியைக் காணோம். 1900 லீப் வருஷம் இல்லை, ஆனால் 2000 லீப் வருஷம். பாதி விதி தெரிந்தவர் எழுதிய வரி. நான்கால் மட்டும் வகுத்துப் பார்த்த சோம்பேறிகளின் புரோகிராம்கூட 2000-ல் சரியாக ஓடியிருக்கும்.

மறுநாள் காலை மேனேஜர் புரோகிராமை அச்செடுத்து வைத்துக்கொண்டு எங்களை அழைத்தார். பத்துப் பேர் இருந்தோம். தலைப்பில் டாலர் குறிகளுக்கு நடுவில் இருந்ததைப் படித்தார். திருத்தம் 1.14. அந்த வருஷம் மார்ச் மாதத் தேதி. நேரம் 5.40. பெயர், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணின் லாகின்.

"காலைல அஞ்சே முக்காலுக்கு வந்து யாருக்கும் தெரியாம மாத்தியிருக்கீங்க. யார் பெர்மிஷன் கொடுத்தா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் எழுந்து நின்று, "சார், நான் டேப்பை எல்லாம் ஸ்பேஸா மாத்தினேன் சார். வேற எதையும் தொடலை சார்" என்றாள். குரல் நடுங்கியது. அவளுக்கு அப்போது பயிற்சிக் காலம் முடியவில்லை.

நான் அங்கே இருந்தேன். குழுத் தலைவன் நான்தான். எனக்கு அந்த நிமிஷம் உண்மை தெரியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "தலைப்பை மட்டும் பார்த்தால் போதுமா, ஆர்லாக் போட்டுப் பார்ப்போமே" என்று ஒரு வாக்கியம். கேட்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து நிமிஷ வேலைதான். திருத்தம் 1.14-க்கு எதிரில் கூடிய வரியும் குறைந்த வரியும் ஒரே எண்ணிக்கை, ஏறக்குறைய கோப்பின் மொத்த வரிகள். அதைப் பார்த்ததுமே அனுபவம் உள்ளவருக்குப் புரிந்துவிடும், இது ஓரம் சீராக்கிய வேலை. இடைவெளிகளைக் கணக்கில் எடுக்காமல் முந்தைய பிரதியோடு ஒப்பிட்டேன். வித்தியாசம் ஒன்றுமே இல்லை. அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

இன்னொன்றும் கவனித்தேன். ஆர்.சி.எஸ். காட்டுகிற நேரம் நம் நேரம் இல்லை. உலகப் பொது நேரம். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். 5.40 என்பது காலை 11.10. ஆபீசில் எல்லோரும் இருக்கிற நேரத்தில், எல்லோர் கண் முன்னால் செய்த வேலை அது. திருட்டுத்தனம் என்று மேனேஜர் நினைத்தது நேர வித்தியாசம் தெரியாததால். உண்மையில் எனக்கும் அதுவரை அது உறைத்ததில்லை.

பிறகு ஒவ்வொரு திருத்தமாகப் பின்னால் போனேன். 1.13, 1.12, 1.11 என்று. அந்த லீப் வருஷ வரி எல்லாவற்றிலும் இருந்தது. 1.3-ல் இருந்தது. 1.2-ல் இல்லை. அப்படியானால் 1.3-ல்தான் நுழைந்திருக்கிறது. 1.3-க்கு நேராக இருந்த பெயர் என்னுடையது. தேதி 1991. காரணம் எழுதும் இடத்தில் மூன்று நட்சத்திரம், 'எம்ப்டி லாக் மெசேஜ்'.

இளைஞர்களுக்கெல்லாம் காரணம் எழுதுங்கள், காரணம் எழுதுங்கள் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆள் நான்.

ராத்திரி தூக்கம் இல்லை. காலையில் மேனேஜரின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, அந்த வரி என்னுடையது என்று சொன்னேன். அவர் சிரித்தார். "விடுங்க சார், லீப் இயர்தானே, சரி பண்ணியாச்சே" என்றார். அவளுடையது என்று நினைத்தபோது கவனக்குறைவாக இருந்தது, என்னுடையது என்று தெரிந்ததும் லீப் இயராகிவிட்டது.

நான் செய்த தப்பு அங்கேதான். பத்துப் பேர் முன்னால் சொன்ன பழியை, ஒருவர் முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு திருத்தினேன். மற்ற ஒன்பது பேருக்கும் அது போய்ச் சேரவில்லை. அவளுடைய பயிற்சிக் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. அதற்கு வேறு காரணங்கள் சொன்னார்கள். நான் தகராறு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றாள். கொஞ்ச நாளில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

இந்த அனுபவத்திலிருந்துதான் என் அபிப்பிராயங்கள் பிறந்தன. அவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வரலாற்றைச் சுருக்கிக் காட்டுகிற எதையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டாலர் குறிகளுக்கு நடுவில் வருகிற வரி பொய் சொல்லவில்லை. கடைசியாகத் திருத்தியவர் யார் என்ற கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. தப்பு செய்தது யார் என்ற கேள்விக்கு அதைப் பதிலாக எடுத்துக்கொண்டது நாங்கள்.

இப்போது எல்லோரும் பயன்படுத்துவது கிட் என்ற ஏற்பாடு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது. அதில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கடைசியாக மாற்றியவர் பெயரைக் காட்டுகிற வசதி இருக்கிறது. அந்தக் கட்டளையின் பெயர் 'பிளேம்'. பழி சொல்வது என்று அர்த்தம். கருவிக்குப் பெயர் வைக்கும்போதே தீர்ப்பையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். சப்வர்ஷன் என்ற முந்தைய ஏற்பாட்டில் இதே கட்டளைக்கு 'பிளேம்' என்றும் பெயர், 'பிரெய்ஸ்' என்றும் பெயர். பழி, பாராட்டு, எதை அடித்தாலும் ஒரே பட்டியல்தான் வரும். எழுதியவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. ஆனால் எங்கேயும் யாரும் 'பிரெய்ஸ்' என்று அடித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, வரலாறு எங்கே ஆரம்பிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். லினக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கிட் ஏற்பாட்டுக்கு மாறியபோது டோர்வால்ட்ஸ் பழைய வரலாற்றை உள்ளே கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் 3.2 ஜிகாபைட் ஆகும், தொடக்கத்திலேயே சிக்கலாகும் என்று முதல் குறிப்பில் எழுதி வைத்தார். அது நியாயமான காரணம்தான், வெளிப்படையாகவும் சொன்னார். விளைவு என்ன? அதற்கு முன்னால் பல பேர் எழுதி, இன்றுவரை மாறாமல் இருக்கிற பழைய வரிகளுக்கு 'பிளேம்' போட்டால் டோர்வால்ட்ஸ் பெயரும் 2005 ஏப்ரல் 16 என்ற தேதியும் வரும். அவர் எழுதிய வரிகள் அல்ல, அவர் கொண்டுவந்து வைத்த வரிகள்.

கிட் இதை மறைக்கவில்லை. அப்படிப்பட்ட வரிகளின் தொடக்கத்தில் சின்னதாக ஒரு கூரைக் குறி போடுகிறது. இதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது என்னிடம் இல்லை என்று அதற்கு அர்த்தம். வில்லங்கச் சான்றில் எந்தத் தேதியிலிருந்து தேடினோம் என்று எழுதியிருப்பார்களே, அது மாதிரி. பேரனிடம் அந்தக் குறியைப் பற்றிக் கேட்டேன். மூன்று வருஷமாக தினமும் பார்க்கிறானாம், அர்த்தம் தெரியாதாம். தெரியாதது அவன் குற்றம் மட்டும் இல்லை. முக்கியமான எச்சரிக்கையை ஒரு எறும்பு அளவுக்குப் போட்டால் யார் கண்ணில் படும்?

மூன்றாவது, பழைய வரலாற்றைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு ஏற்பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, கடைசிப் பிரதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கமா 'வி' கோப்புகளை அழித்துவிடுவது பல இடங்களில் நடந்தது. வரலாற்றோடு சேர்த்து மாற்றித் தருகிற கருவிகள் இருந்தும், நேரம் இல்லை என்று விட்டுவிடுவார்கள். வீடு மாறும்போது டிரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பிறகு ரேஷன் கார்டு எங்கே என்று தேடுகிற மாதிரி.

காப்பாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் யூனிக்ஸ். கிரீஸ் நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் டியோமிடிஸ் ஸ்பினெல்லிஸ், 1970-களின் தொடக்கத்திலிருந்து யூனிக்ஸின் வரலாற்றைத் தேடிச் சேர்த்து ஒரே கிட் களஞ்சியமாக்கியிருக்கிறார். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வைத்திருந்த பழைய எஸ்.சி.சி.எஸ். கோப்புகள் பத்திரமாக இருந்ததால், 1980-களில் அங்கே யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று இன்றைக்கும் பார்க்க முடிகிறது. அந்தக் கோப்புகளை யாராவது இடத்தை அடைக்கிறது என்று அழித்திருந்தால் அது போயிருக்கும்.

இதற்கு மறுப்பு சொல்கிறவர்கள் உண்டு. பேரனே சொன்னான். "தாத்தா, ஒவ்வொரு கமாவையும் எழுத்துப் பிழையையும் வரலாறா வச்சா யாரு படிக்கிறது? நாங்க பத்துத் திருத்தத்தைச் சேர்த்து ஒண்ணா சுருக்கிடுவோம்."

அதில் நியாயம் இருக்கிறது. நான் ஒரு காலத்தில் எல்லா வரலாறும் புரோகிராமுக்கு உள்ளேயே, தலைப்பில் இருக்க வேண்டும் என்று வாதாடியவன். ஆர்.சி.எஸ்.ஸில் டாலர் குறிக்குள் 'லாக்' என்று போட்டால், ஒவ்வொரு திருத்தத்தின் குறிப்பும் கோப்பின் தலையில் ஏறிக்கொண்டே போகும். கொஞ்ச வருஷத்தில் புரோகிராம் நாற்பது வரி, அதன் தலைப்பு இருநூறு வரி என்று ஆகிவிடும். இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தியதை இணைக்கும்போது அந்தத் தலைப்பே முட்டிக்கொள்ளும். அது சரிப்படாது என்று பிறகு ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வரலாற்றுக் கோப்புகள் தொலைந்துபோன இடங்களில் அந்த இருநூறு வரித் தலைப்புதான் மிஞ்சியது. கிழவனின் பிடிவாதத்துக்கும் சில சமயம் பலன் உண்டு.

ஆக, என் சமாதானம் இது. இன்னும் யாருக்கும் காட்டாத உங்கள் சொந்த வரைவில் அடித்தல் திருத்தலைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் ரஃப் நோட்டு. நாலு பேரோடு பகிர்ந்த பிறகு அது பொதுப் பதிவு. அதில் எதைப் பார்க்க வேண்டாம் என்று படிக்கிறவர் முடிவு செய்யட்டும், எழுதுகிறவர் அழிக்கக் கூடாது. மறைத்துக் காட்டுவது வேறு, இல்லாமல் செய்வது வேறு. இதற்குக் கருவியிலேயே வழி இருக்கிறது. இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காமல் 'பிளேம்' போடலாம். 2019-ல் வந்த பதிப்பிலிருந்து, இந்தத் திருத்தம் வெறும் ஓரம் சீராக்கியது, இதைத் தாண்டிப் பின்னால் பார் என்றே சொல்லலாம். எங்கள் காலத்தில் நான் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கையால் செய்ததை இன்றைக்கு அது கண் இமைக்கும் நேரத்தில் செய்கிறது. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது, காரணம். தேதியையும் பெயரையும் இயந்திரம் தானாகப் போட்டுவிடும். ஏன் என்பதை அதனால் போட முடியாது. 1991-ல் 'லீப் வருஷ விதி சேர்த்தேன், நூற்றாண்டு வருஷங்களைச் சரிபார்க்கவும்' என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால், நடுவில் வந்த பதினொரு திருத்தங்களில் யாராவது ஒருவர் அதைப் பார்த்து, 2000 என்ன ஆகும் என்று யோசித்திருக்கலாம். காலிக் குறிப்பு யாரையும் யோசிக்க வைக்காது.

கடைசியாக ஒன்று. பழி எத்தனை பேர் முன்னால் காட்டப்பட்டதோ, திருத்தமும் அத்தனை பேர் முன்னால் காட்டப்பட வேண்டும். இது கம்ப்யூட்டர் விஷயம் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் காட்டியது என்றால் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம், அதனால் இங்கே இது அதிகம் தேவைப்படுகிறது.

அன்றைக்கு ராத்திரி பேரனும் நானும் அவன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இடைவெளிகளை ஒதுக்கிப் பார்த்தவுடனே அவன் பெயர் மறைந்து வேறொரு பெயர் வந்தது. உடனே அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கு இதைப் பெருசா போட்டுக் காட்டறேன் பாருங்க" என்றான்.

"இரு. இந்தப் பேருக்குப் பின்னாலயும் போய்ப் பாரு. உனக்கு நடந்தது அவருக்கும் நடக்கக் கூடாது."

முனகிக்கொண்டே பார்த்தான். அவருக்கு முன்னால் இன்னொருவர், அவர் வேறொரு கோப்பிலிருந்து அந்த வரியை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கோப்பில் தேடிப்போய் முதலில் எழுதியவரைப் பிடித்தோம்.

"தாத்தா, இவர் ரிட்டயர் ஆகிட்டார்."

"ஏன் அப்படி எழுதினேன்னு காரணம் போட்டிருக்காரா?"

திரையைத் திருப்பிக் காட்டினான். குறிப்பு எழுதும் இடத்தில் ஒரே ஒரு புள்ளி. காலியாக விட்டால் கிட் ஏற்றுக்கொள்ளாது என்பதற்காக வைத்த புள்ளி.

மறுநாள் மீட்டிங்கில், வரி எப்படி வந்தது என்று முழுசாகக் காட்டினானாம், யாரையும் குறை சொல்லவில்லையாம். அந்த மேனேஜர் குரூப்பிலேயே, எல்லோரும் பார்க்கிற இடத்தில், தவறாகப் புரிந்துகொண்டேன் என்று எழுதினாராம். அவரை எனக்குத் தெரியாது. ஆனால் 1999-ல் என்னிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது.